அரசு வாங்கிய மாடுகள்

பழந்தமிழில் ‘மாடு’ என்னுஞ் சொல் விலங்கை மட்டுமன்றிச் செல்வத்தையும் குறித்து நின்றது. பகைவரின் ஆநிரையைக் கவர்தலே போரின் தொடக்கமாக இருந்த ஒரு சமுதாயத்தில் இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கியது வியப்பன்று. மேலைநாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. ஆங்கிலத்திற் கால்நடையைக் குறிக்குஞ் சொல்லும் மூலதனத்தைக் குறிக்குஞ் சொல்லும் ஒரே இலத்தீன் வேரிற் பிறந்தவை. மந்தை பெருகினால் மனிதன் செல்வனாவான் என்பது பல இனத்தாரும் பன்னூறாண்டு நம்பிவந்த நம்பிக்கை.

அந்த நம்பிக்கை தலைகீழாகப் புரண்ட ஒரு காலமும் இடமும் வரலாற்றில் உண்டு. 1934 ஆம் ஆண்டின் கோடையில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் பெருஞ்சமவெளியில், மாடு உடையவன் மாடு உடைமையாலேயே அழிந்துகொண்டிருந்தான். அவனைக் காப்பாற்ற அந்நாட்டின் அரசு ஏறத்தாழ 83 இலட்சம் மாடுகளை விலைகொடுத்து வாங்கியது. வாங்கியவற்றுட் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை உணவுக்கு உதவாதவை என ஒதுக்கிக் கொல்லப்பட்டன. ஏனையவற்றுட் பெரும்பகுதி பேணிகளில் அடைத்த இறைச்சியாகி வேலையற்றோர் வீடுகளுக்குச் சென்றது. இறைச்சிமாடு வளர்ப்போருக்கு ஓர் அரசு செய்த உதவிகளுள் இதனினும் பெரிய நிகழ்ச்சிகள் மிகச் சிலவே. அவ்வுதவி யாருக்கு, எவ்வளவு, எந்த வழியாகச் சென்றது என்பதை ஆராய்தல் பயனுடையது.

முதலில் நெருக்கடியின் தோற்றத்தைப் பார்ப்போம். மழை பொய்த்ததே அதற்குக் காரணம் என்று கூறுவது பாதி உண்மை. மழை பொய்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அதற்கான நிலைமைகள் உருவாகிவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அச்சமவெளியில் வாழ்ந்த காட்டெருமைக் கூட்டங்கள் ஏறக்குறைய அடியோடு அழிக்கப்பட்டன. அவற்றை நம்பி வாழ்ந்த ஆதிக்குடிகள் ஒதுக்கப்பட்ட நிலங்களுக்குள் அடைக்கப்பட்டனர். வெறுமையான புல்வெளியில் மாட்டு மந்தைகள் புகுந்தன. இருப்புப்பாதை அம்மந்தைகளைச் சிக்காகோவின் கொல்களங்களுக்குக் கொண்டுசென்றது. பின்னர்க் குடியேற்றச் சட்டங்கள் வந்தன. 1909 ஆம் ஆண்டுச் சட்டம் வறண்ட நிலத்திற் குடியேறுவோனுக்கு 320 ஏக்கரும், 1916 ஆம் ஆண்டுச் சட்டம் கால்நடை வளர்க்க முன்வருவோனுக்கு 640 ஏக்கரும் அளித்தன. தாளிற் பார்த்தால் இது தாராளம். மழை குறைந்த அந்நிலத்தில் ஒரு குடும்பம் மந்தை வைத்துப் பிழைக்க 640 ஏக்கர் போதாது என்பதை அங்கு சென்ற பின்னரே பலர் உணர்ந்தனர். போதாத நிலத்தில் வாழ முயன்றவன் புல் தாங்கக்கூடியதற்கு மேல் மாட்டை மேய்த்தான். மேய்ச்சல் தரையையும் உழுது கோதுமை விதைத்தான்.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் விலைகள் உயர்ந்தன. உயர்ந்த விலையை நம்பி விவசாயிகள் கடன் பெற்று நிலமும் மந்தையும் வாங்கினர். 1920 இல் விலைகள் சரிந்தன. கடன் மட்டும் சரியவில்லை. நகரங்கள் செழித்ததாகச் சொல்லப்படும் அந்தப் பத்தாண்டில் நாட்டுப்புறம் கடனிலேயே காலங்கழித்தது. விவசாய விலைகளை உயர்த்துவதற்கெனக் காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை ஜனாதிபதி கூலிட்ஜ் 1927 இலும் 1928 இலும் இருமுறை நிராகரித்தார். 1929 இல் பங்குச் சந்தை வீழ்ந்தது. 1933 அளவில் நாட்டின் தொழிலாளருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. வேலை அற்றவன் இறைச்சி வாங்குவதில்லை. மாட்டின் விலை 1929 இல் இருந்ததிற் பாதிக்கும் கீழே இறங்கியது.

விலை இறங்கும்போது மந்தை குறையும் என்று பொருளியல் நூல்கள் கூறும். ஆனால் நடந்தது வேறு. ஒரு மாட்டுக்குக் கிடைப்பது குறைந்தபோது, வட்டி கட்டுவதற்கு மேலும் பல மாடுகள் வேண்டியிருந்தன. இன்று விற்றால் நட்டம், நாளை விலை ஏறலாம் என்ற எண்ணமும் கையைத் தடுத்தது. இவ்வாறாக 1934 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்நாட்டின் மாட்டுத்தொகை 7 கோடியே 40 இலட்சத்தை எட்டியது; அதுவரை அங்கு இருந்த தொகைகளுள் அதுவே மிகப் பெரியது. வாங்குவார் குறைந்துகொண்டிருந்த அதே வேளையில் மாடுகள் பெருகிக்கொண்டிருந்தன.

1933 மார்ச்சிற் பதவியேற்ற ரூஸ்வெல்ற் அரசு, அதே ஆண்டு மே 12 இல் விவசாயச் சீராக்கல் சட்டத்தை நிறைவேற்றியது. உற்பத்தியைக் குறைத்தால் விலை உயரும். குறைப்பவனுக்கு அரசு பணம் கொடுக்கும். அப்பணத்தைப் பதப்படுத்தும் ஆலைகள் மீது விதிக்கும் வரியிற் பெறும். இதுவே அதன் சாரம். கோதுமை, பருத்தி, சோளம், பன்றி, அரிசி, புகையிலை, பால் என ஏழு பண்டங்கள் அச்சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றன. இறைச்சிமாடு அதில் இல்லை. அதற்குக் காரணம் மாட்டுப் பண்ணையாளரின் சங்கங்களே. அரசின் கட்டுப்பாடு தமக்கு வேண்டாம் என அவை மறுத்து நின்றன. பரந்த வெளியிற் குதிரைமேல் அமர்ந்து எவர்க்கும் கட்டுப்படாது வாழ்பவன் என்று தன்னைக் கருதிக்கொண்ட ஒரு வகுப்பின் பெருமிதம் அது. அப்பெருமிதத்திற் பெரும்பண்ணையாரின் நலனும் கலந்திருந்தது. பொது நிலத்தில் மேய்த்துக்கொண்டே அரசு தலையிடக் கூடாதென்று பேசியவர்கள் அவர்கள்.

ஓராண்டு கழியுமுன் அப்பெருமிதம் தளர்ந்தது. 1934 ஏப்பிரல் 7 இல் நிறைவேறிய ஜோன்ஸ்–கொனலி சட்டம் மாட்டையும் பட்டியலிற் சேர்த்து 20 கோடி டொலர் ஒதுக்க அதிகாரமளித்தது. உற்பத்திக் குறைப்புத் திட்டமொன்று தீட்டப்படுவதற்குள் வானமே தீர்ப்புக் கூறிவிட்டது. மே மாதத்திற் சமவெளியின் மண் புழுதிப் புயலாக எழுந்து சிக்காகோவையும் நியூயோர்க்கையும் வாஷிங்டனையும் மூடியது. புல் கருகியது, குளங்கள் வற்றின. மாட்டுக்குத் தீனி வாங்கும் விலை மாட்டின் விலையினும் கூடியது. யூன் 19 இல் வறட்சி நிவாரணத்துக்காக 52 கோடியே 50 இலட்சம் டொலரைக் காங்கிரஸ் ஒதுக்கியது. அதற்குச் சில நாட்கள் முன்னரே அரசின் மாடு கொள்முதல் தொடங்கியிருந்தது.

திட்டம் இயங்கிய முறை கவனிக்கத்தக்கது. வறட்சி மிகுந்த மாவட்டங்கள் அவசரப் பகுதிகள் என அறிவிக்கப்பட்டன. பண்ணையாளன் மாடுகளை ஓரிடத்துக்கு ஓட்டி வந்தான். மதிப்பீட்டாளர் விலை குறித்தார். அரசின் மிருக வைத்தியர் பரிசோதித்தார். பயணத்தைத் தாங்கக்கூடியவை இரயிலேறின. எழுந்து நிற்க இயலாதவை அங்கேயே சுடப்பட்டுப் புதைக்கப்பட்டன. இரண்டு வயதுக்கு மேற்பட்ட மாட்டுக்கு 12 முதல் 20 டொலர் வரையும், ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டதற்கு 10 முதல் 15 வரையும், கன்றுக்கு 4 முதல் 8 வரையும் கொடுக்கப்பட்டது. சுடப்பட்ட மாட்டுக்கும் அதன் வயதுக்குரிய மிகக் குறைந்த விலை கிடைத்தது. 1935 சனவரியிற் பெரும்பாலும் முடிவுற்ற இக்கொள்முதலுக்குச் செலவான தொகை சுமார் 11 கோடியே 10 இலட்சம் டொலர். சராசரி பார்த்தால் மாடொன்றுக்கு 13 டொலரளவில் ஆகும். ரெக்சாஸ் மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 20 இலட்சம் மாடுகள் வாங்கப்பட்டன.

இத்தொகை மாட்டின் பழைய மதிப்புக்கு ஈடாகாது. ஆயினும், சந்தைக்கு அனுப்பினால் இரயிற் கூலிக்கே பற்றாத மாட்டுக்கு 12 டொலர் என்பது பெரிது. அப்பணம் பண்ணையாளன் கையை அடைந்ததா என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. ஏனெனில் அவன் மந்தை பெரும்பாலும் வங்கிக்கோ கடன்கொடுத்தவனுக்கோ ஈடு வைக்கப்பட்டிருந்தது. ஈடு வைத்த மாட்டை விற்றால் விற்ற பணம் ஈடு பிடித்தவனுக்கே முதலிற் செல்லும். இதனை உணர்ந்த திட்டத்தார் விலையை இரு கூறாகப் பிரித்தனர். ஒன்று கொள்விலை, அதில் ஈடு பிடித்தவனுக்கு உரிமை உண்டு. மற்றது நலக்கொடை, அதில் எந்தக் கடன்காரனும் கைவைக்க முடியாது. பெரிய மாட்டுக்கு 6 டொலர், இளமாட்டுக்கு 5, கன்றுக்கு 3 என நலக்கொடை வரையறுக்கப்பட்டது. கடன்காரனும் ஒப்பந்தத்தில் இசைவு தெரிவித்தாலே கொள்முதல் நிகழும்.

அன்றைய நிலையில் இது துணிச்சலான ஏற்பாடு. நிவாரணப் பணத்தின் ஒரு பகுதியேனும் கடனின் பிடிக்குள் அகப்படாமல் அடுப்படிக்குப் போகவேண்டும் என்று ஓர் அரசு எழுத்தில் வரைந்தது. இதனைப் பாராட்டாதிருத்தல் நியாயமன்று. ஆனாற் கணக்கைச் சற்று உற்று நோக்குக. மெலிந்த மாட்டின் விலையான 12 டொலரிற் பாதி உடையவனுக்கு. பாதி கடனுக்கு ஆட்பட்டது. கொழுத்த மாட்டின் விலையான 20 டொலரிலும் உடையவனுக்கு அதே 6 டொலர்தான். எஞ்சிய 14 கடனுக்கு ஆட்பட்டது. நன்றாகப் பேணி வளர்த்தவனின் உழைப்பு கூடக்கூட அதன் பயன் கடன்கொடுத்தவனையே நாடியது. வறட்சியில் ஒரு சதமும் மீளாது என அஞ்சியிருந்த வங்கிக்கு, இறந்துகொண்டிருந்த ஈட்டுக்குப் பதிலாக அரசின் காசோலை கிடைத்தது. விவசாயிக்கு உதவி என்ற பெயரில் வந்த பணத்திற் கணிசமான பங்கு நாட்டுப்புற வங்கிகளைக் காக்கவும் பயன்பட்டது என்பதை மறுக்க இயலாது.

உதவி தலைக்கணக்கிற் கொடுக்கப்பட்டது. மாடுகளின் தலைக்கணக்கு, மனிதரின் தலைக்கணக்கன்று. ஆகவே பத்து மாடு விற்றவனுக்குப் பத்து மாட்டுக்குரியதும், ஆயிரம் விற்றவனுக்கு ஆயிரத்துக்குரியதும் கிடைத்தன. மந்தையே இல்லாத கூலி மேய்ப்பனுக்கு இத்திட்டத்தில் எதுவும் இல்லை. மந்தை குறைந்ததும் அவன் வேலையும் குறைந்தது. பருத்திப் பிரதேசத்தில் இதே சட்டத்தின் கீழ் நிகழ்ந்தது இன்னுங் கொடிது. நிலத்தைத் தரிசாக விட நிலவுடையவன் பணம் பெற்றான். அந்நிலத்தை வாரத்துக்குச் செய்தவன் வெளியேற்றப்பட்டான். அவ்வாறு வெளியேற்றப்பட்ட வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றுகூடி 1934 யூலையில் ஆர்க்கன்சாஸ் மாநிலத்திற் குத்தகை விவசாயிகள் சங்கம் அமைத்தனர்.

இனி இறைச்சியின் கதை. இதற்கு முந்திய ஆண்டில், பன்றி விலையை உயர்த்தும்பொருட்டு ஏறத்தாழ 60 இலட்சம் பன்றிக் குட்டிகளும் சினைப் பன்றிகளும் அரசின் பணத்தில் வாங்கிக் கொல்லப்பட்டன. அவற்றுட் பல உணவாகாது கொழுப்பாகவும் உரமாகவும் போயின. நகரங்களிற் கஞ்சிக்கு வரிசையில் நின்ற மக்கள் கொதித்தெழுந்தனர். பசித்தவன் முன்னிலையில் உணவை அழிப்பது எந்த அறநூலுக்கும் அடுக்காது. அக்கொதிப்பின் விளைவாகவே 1933 ஒக்ரோபரில் மிகையுற்பத்தி நிவாரணக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. மிகையானதை வாங்கி வறியோருக்கு வழங்குவது அதன் பணி. 1934 இல் வாங்கிய மாடுகள் இக்கூட்டுத்தாபனத்தின் கையில் ஒப்படைக்கப்பட்டன. தனியார் ஆலைகளிலும், வேலையற்றோரையே வேலைக்கமர்த்திய நிவாரண ஆலைகளிலும் இறைச்சி பேணிகளில் அடைக்கப்பட்டது. சில மாடுகள் புல் மிஞ்சியிருந்த தென்மாநிலங்களுக்கு மேய்ச்சலுக்கு அனுப்பப்பட்டன; சில ஆதிக்குடிகளின் நிலங்களுக்கு மந்தைக்கு வித்தாக வழங்கப்பட்டன.

முதலாளித்துவம் உணவை அழித்துத்தான் விலையைக் காக்கும் என்று மட்டும் கூறி இவ்வரலாற்றை முடித்துவிடுவது எளிது. பன்றிகளின் கதை அதற்குச் சான்றாகும். மாடுகளின் கதையோ அதற்கு முற்றாக அடங்காது. ஓராண்டிற்குள் அரசின் போக்கு மாறியது. மாற்றியது மக்களின் சினம். பிற்காலத்தில் 1939 இல் தொடங்கிய உணவு முத்திரைத் திட்டத்துக்கும் 1946 ஆம் ஆண்டுப் பாடசாலை மதிய உணவுச் சட்டத்துக்கும் இக்கூட்டுத்தாபனத்தின் அனுபவமே வழிகோலியது. விவசாயியின் மிகையையும் ஏழையின் குறையையும் ஒரே திட்டத்தில் இணைக்கலாம் என்ற கருத்து, எழுதுமேசையில் மட்டும் பிறந்ததன்று. தெருவிலெழுந்த கூக்குரலே அதனை அரசின் செவிக்குக் கொண்டுசேர்த்தது.

இடையில் நிற்கும் ஒருவனை நாம் இதுவரை தொடவில்லை. மாட்டை வளர்ப்பவனுக்கும் இறைச்சியை உண்பவனுக்கும் நடுவே இறைச்சி ஆலையாளர் இருந்தனர். சுவிப்ற், ஆர்மர், மொறிஸ், வில்சன், கடஹி ஆகிய ஐந்து நிறுவனங்கள் சந்தையைத் தம் பிடியில் வைத்திருந்ததை அரசின் விசாரணையே 1919 இல் வெளிப்படுத்தியது. 1921 இல் அதற்கெனச் சட்டமும் பிறந்தது. ஆனால் 1934 இல் அரசு வாங்கிய மாட்டை அறுத்துத் தர அதே வகை ஆலைகளிடமே கூலிகொடுத்து நிற்கவேண்டியிருந்தது. மாட்டின் விலையை நிர்ணயிக்கும் அமைப்பை நிவாரணத் திட்டம் தொடவேயில்லை.

நிவாரணம் எனும் சொல்லே எல்லோர்க்கும் ஒரே பொருளைத் தருவதன்று என்பதற்கு நவகோ மக்களின் அனுபவம் சாட்சி. தென்மேற்கு வறண்ட நிலத்தில் வாழ்ந்த அம்மக்களின் செம்மறிகளும் வெள்ளாடுகளும் மண்ணை அரிக்கச் செய்து, கொலராடோ ஆற்றிற் கட்டப்பட்டுவந்த பேரணையை வண்டலால் நிரப்பிவிடும் என அரசு அஞ்சியது. 1933 முதல் அவர்களின் மந்தைகள் குறைக்கப்பட்டன. வாங்கிய வெள்ளாடுகளுட் பலவற்றைக் கொண்டுசெல்ல வழியின்றி அதிகாரிகள் சுட்டு அங்கேயே விட்டனர். அச்சமுதாயத்தில் ஆடுகள் பெரும்பாலும் பெண்களின் உடைமை; அவர்களை எவரும் உரியவாறு கலந்துகொள்ளவில்லை. சமவெளிப் பண்ணையாளன் தன் மாட்டை விற்க விண்ணப்பித்தான்; நவகோப் பெண் தன் ஆட்டை இழக்கக் கட்டளையிடப்பட்டாள். ஒன்று உதவியாகவும் மற்றது பறிப்பாகவும் நினைவில் நிலைத்தது. கொடுத்த பணத்தின் அளவு மட்டும் இவ்வேற்றுமைக்குக் காரணமன்று. தன் மந்தையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை.

இத்தனைக்கும் பின் மாட்டு வளர்ப்பு மீண்டதா? மீண்டது. 1935 இல் விலை உயர்ந்தது. மெலிந்த மாடுகள் கழிந்தமையால் எஞ்சியவற்றுக்குப் புல் கிடைத்தது. 1934 யூனில் நிறைவேறிய ரெயிலர் சட்டம் பொது நிலத்தில் வரைமுறையின்றி மேய்ப்பதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1935 ஏப்பிரலில் மண்பாதுகாப்புக்கெனத் தனிச்சேவை அமைந்தது. சில மாதக் கொள்முதலினும் இவையிரண்டும் நெடுங்காலப் பயன் தந்தவை. விவசாயச் சீராக்கல் சட்டத்தை உயர்நீதிமன்றம் 1936 சனவரி 6 இற் செல்லாதென ஒதுக்கியபோதும் மண்ணைக் காக்கும் பணி நின்றுவிடவில்லை. ஆனால் மந்தை மீண்டது என்பதால் மந்தையை வளர்த்தவரெல்லாம் மீண்டனர் என்று கொள்ளலாகாது. 1940 அளவில் ஏறத்தாழ 25 இலட்சம் மக்கள் சமவெளி மாநிலங்களை விட்டு வெளியேறியிருந்தனர். பொருளியற் புள்ளிவிபரத்தில் ‘மீட்சி’ என்று வரும் சொல்லுக்குள் இவர்கள் அடங்குவதில்லை.

தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தபின்னும் இவ்வரலாறு பழங்கதையாகிவிடவில்லை. 2025 சனவரியில் அந்நாட்டின் மாட்டுத்தொகை 8 கோடியே 67 இலட்சமாக இருந்தது. 1951 இன் பின் அதுவரை இருந்த தொகைகளுள் இதுவே மிகக் குறைந்தது. வறட்சியும் தீனிச் செலவும் இதற்குக் காரணங்களுட் சில. மேய்ச்சல் வறட்சிக்கு இழப்பீடு வழங்கும் நிரந்தரத் திட்டங்கள் இப்போது உள்ளன; 1934 இல் அவசரமாகச் செய்ததை இன்று சட்டம் முறையாகச் செய்கிறது. இது முன்னேற்றமே. எனினும் 1919 இல் ஐந்து நிறுவனங்களைக் கண்டு அஞ்சிய நாட்டில், கொழுக்கவைத்து அறுக்கும் மாடுகளுள் ஏறத்தாழ 85 சதவீதம் பின்னர் நான்கு நிறுவனங்களின் கையிற் சேர்ந்தன. இதனை உணர்ந்தே 2022 சனவரியில் அப்போதைய அரசு சிறிய, சுதந்திரமான இறைச்சி ஆலைகளை வளர்க்க 100 கோடி டொலர் ஒதுக்குவதாக அறிவித்தது. 1934 இல் தொடாது விட்ட கேள்விக்கு எண்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்து அளிக்க முயன்ற விடை அது.

நலிந்த உற்பத்தியாளனுக்கு அரசு உதவவேண்டுமா என்பது இன்று பெரிதாக விவாதிக்கவேண்டிய வினாவன்று. சந்தை தானே தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று 1920களிற் கைகட்டி நின்றதன் விளைவை அச்சமவெளி கண்டது. விவாதிக்கவேண்டியது உதவியின் பாதையே. எந்த நாட்டில் எந்த நிவாரணத் திட்டம் அறிவிக்கப்படினும், ஒதுக்கிய கோடிகளைக் கண்டு மயங்குமுன் சில கேள்விகளைக் கேட்கும் வழக்கத்தை நாம் பழகிக்கொள்ளவேண்டும். அப்பணத்தில் எவ்வளவு கடன்காரனைத் தாண்டி விவசாயியிடம் சேரும்? நிலமும் மந்தையும் இல்லாத உழைப்பாளிக்கு அதிற் பங்குண்டா? விலையை வீழ்த்திய இடைத்தரகன் அத்திட்டத்தால் இழப்பானா, கூலி பெறுவானா? வாங்கிய பொருள் பசித்தவன் வீட்டை அடையுமா?

1934 ஆம் ஆண்டுத் திட்டம் கடைசிக் கேள்விக்கு நன்றாகவும், முதற் கேள்விக்குப் பாதியளவும், ஏனையவற்றுக்கு மிகக் குறைவாகவும் விடையளித்தது. எந்தக் கடன்காரனும் தொட முடியாத அந்த ஆறு டொலர் மிகச் சிறு தொகைதான். ஆனால் அது சட்டத்தில் எழுதக்கூடிய ஒன்று என்பதை அது காட்டியது. ஆறைப் பத்தாக்குவதும் பதினான்காக்குவதும் அதைக் கேட்டு நிற்கும் மக்களின் வலிமையைப் பொறுத்தது.